வன்னியின் சிறு பாடசாலைகளை மூடாதீர்கள்: கல்வி அமைச்சுக்கும் வடமாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

கல்வி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், வடமாகாண ஆளுநர் அவர்களுக்கும், மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும்,

ஐம்பதுக்குக் குறைவான மாணவர்கள் கற்கும் எமது ஊர்ப் பாடசாலையை அடுத்த ஊரிலுள்ள பாடசாலையுடன் இணைப்பதற்கான ஆயத்தங்கள் நடைபெறுவதாக அண்மையில் கூட்டப்பட்ட பெற்றோர் கூட்டமொன்றில் அறிவிக்கப்பட்டது. கருத்துக் கேட்பதற்கான கூட்டம் என்றே அழைப்பில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அங்கு வந்த அலுவலர் முடிவைத்தான் வாசித்தார். பெற்றோர் எழுந்து நின்று கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், இத்தனை குறைந்த பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை நடத்துவது அரசாங்கத்துக்கு வீண் செலவு என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமலிருக்க என்னால் இயலவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் போரின் நடுவில் ஆசிரியையாகவும், மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அதிபராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பாடசாலையின் பெயரையும் ஊரின் பெயரையும் இம்மடலில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அங்கு இப்போது கற்பிப்பவர்கள், அரச ஊழியர்களின் நடத்தை விதிகளைக் கூறும் தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்டவர்கள். நான் எழுதுவதற்கு அவர்கள் விளக்கம் கொடுக்க நேரக்கூடாது.

நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமான அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஏறத்தாழ 1,500 பாடசாலைகளில் ஐம்பதுக்குக் குறைந்த பிள்ளைகளே கற்கிறார்கள் என்பதும் 2025ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட தகவல்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஐயமில்லை. தெற்கில் ஒரு நகரத்தின் புறத்தே, பிரபல பாடசாலைக்குப் பிள்ளைகள் பேருந்தில் போகத் தொடங்கியதால் வெறுமையான பாடசாலையும், எறிகணை விழுந்து ஊரே எழுந்து ஓடியதால் வெறுமையான பாடசாலையும் அந்தக் கணக்கில் ஒரே நிரலில் எழுதப்பட்டு, ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதே என் முறைப்பாடு. பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுகிறவர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிபரங்களிலேயே இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது வடமாகாணத்தில் 11 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். அதன் பின்னர் மாகாணம் முழுவதிலும் மதிப்பீடு செய்ய முடிந்தது 2012இல்தான். அப்போது எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 இலட்சத்து 60 ஆயிரம் பேர். இதே காலத்தில் நாட்டின் சனத்தொகை ஒரு கோடியே 48 இலட்சத்திலிருந்து இரண்டு கோடியே 3 இலட்சமாக உயர்ந்திருந்தது. நாடு வளர்ந்த முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு மாகாணம் மட்டும் சுருங்கியது. கொல்லப்பட்டவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களும், கடல் கடந்து போனவர்களும், தமிழகத்து முகாம்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே இருந்திருந்தால் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எமது தரம் ஒன்று வகுப்பில் இருந்திருப்பார்கள். நாடு முழுவதும் பிறப்புகள் குறைந்துவருவதை நானும் அறிவேன். ஆனால் எமது மாவட்டத்தில் அந்தக் குறைவு ஏற்கெனவே குறைந்துபோன ஒரு தொகையின் மேல் வந்து விழுகிறது.

போரில் பாடசாலைகள் பட்டதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், முடிவெடுக்கும் மேசைக்கு வரும் கோப்பில் அது இடம்பெறுவதில்லை என்பதால் சுருக்கமாகவேனும் எழுத வேண்டியிருக்கிறது. 1995 செப்ரெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது குண்டு வீசப்பட்டபோது பிள்ளைகள் பாடசாலையில்தான் இருந்தார்கள். 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் உயர்தர மாணவிகள் பலர். விடுதலைப் புலிகளும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தம் படையில் சேர்த்தார்கள். கடைசி ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டுப் பதுங்குகுழிகளில் ஒளித்துவைத்ததும், வகுப்பில் நேற்று இருந்த பிள்ளை இன்று இல்லாமற்போனதும் நான் கண்ணால் கண்டவை. அதை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் என் மாணவர்களுக்கு நான் நேர்மையாக இருந்தவள் ஆகமாட்டேன்.

2008இல் மேற்கிலிருந்து இடப்பெயர்வு தொடங்கியபோது மக்களோடு பாடசாலைகளும் நகர்ந்தன. மடுப் பக்கத்திலிருந்து அக்கராயனுக்கு, அங்கிருந்து கிளிநொச்சிக்கு, பின்னர் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரு பாடசாலைக் கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் மாலையில் இரண்டு பாடசாலைகளும் நடந்தன. கரும்பலகையையும் சேர்வு இடாப்பையும் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டையும் உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைகளோடு ஏற்றிக்கொண்டு போனோம். மரத்தின் கீழ் தறப்பாளை விரித்து வகுப்பை நடத்தினோம். புதுக்குடியிருப்பைத் தாண்டிய பின்னர் வகுப்பு என்று ஒன்று இருக்கவில்லை. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்கள் மருத்துவமனைகளாகின. மேசைகளில் காயக்காரர்களைக் கிடத்தினார்கள். எமது பாடசாலையின் சேர்வு இடாப்பு எங்கோ அந்தக் கடற்கரை மணலில் போய்விட்டது. ஐம்பதுகளிலிருந்து அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. இன்று கல்வி வலயத்தின் கணினியில் எமது பாடசாலைக்குரிய பதிவுகள் 2010இலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னர் அங்கு எத்தனை பிள்ளைகள் கற்றார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாததால், அது என்றுமே சிறிய பாடசாலையாக இருந்தது போன்ற தோற்றம் கோப்பில் உருவாகியிருக்கிறது.

போர் முடிந்ததும் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முகாமின் கொட்டில்களில், பெற்றோரை இழந்து சில மாதங்களே ஆன பிள்ளைகள், 2009 ஓகஸ்டில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். கல்வியைப் பற்றி எமது மக்கள் எவ்வளவு கரிசனை கொண்டவர்கள் என்று மேடைகளில் பேசும்போது இதை நீங்களும் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பிள்ளைகள்தான் இன்று எமது ஊரில் தாயும் தந்தையுமாக இருக்கிறார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில், அரசாங்கத்துக்குப் பெருமை தரக்கூடிய ஓர் உண்மையை நினைவூட்ட விரும்புகிறேன். வன்னி அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத அந்த நீண்ட ஆண்டுகளிலும் எமது பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளாகவே இருந்தன. எமக்குச் சம்பளம் தந்தது அரசாங்கம். பாடநூல்களும் சீருடைத் துணிகளும் சோதனைச் சாவடிகளில் வாரக்கணக்கில் கிடந்தபின்னராயினும் வந்து சேர்ந்தன. வினாத்தாள்கள் முத்திரை உடையாமல் வந்தன. விடைத்தாள்கள் திரும்பிப் போயின. பெறுபேறுகள் நாட்டின் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் போலவே வெளியாகின. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு நிலவிய தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போனது இந்த ஏற்பாடு முறியாமல் இருந்ததால்தான். போர் செய்துகொண்டிருந்த இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அழிக்க முயன்ற காலத்தில்கூட, இந்தப் பாடசாலைகளைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று கொழும்பில் எவரும் முடிவெடுக்கவில்லை. பிள்ளைகளின் தொகை போதாது என்ற காரணத்துக்காக அதே பாடசாலைகளைச் சமாதான காலத்தில் நீக்குவதற்கு என்ன நியாயத்தை எமது மக்களிடம் சொல்லப்போகிறீர்கள்?

மீள்குடியேற்றத்தின்போது நாங்கள் திரும்பிய பாடசாலைக்குக் கூரை இருக்கவில்லை. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நாட்டப்பட்டிருந்தன. அரிச்சுவடி தொடங்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மிதிவெடி அபாயக் கல்வி. தறப்பாளுக்குப் பதில் தகரம் வந்தது, தகரத்துக்குப் பதில் நிரந்தரக் கட்டடம் வந்தது. அதற்குக் கொடையாளர்களும் அரசாங்கமும் செலவிட்டதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கட்டடம்தான் இப்போது பூட்டப்படவிருக்கிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா சாசனத்தில் 2017 டிசெம்பரில் இணைந்த இலங்கை, நிலத்தை முற்றாகத் துப்புரவாக்குவதற்கு 2028 ஜூன் வரை காலம் பெற்றிருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிகளை அகற்றுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேண்டும் என்பதை அரசாங்கம் உலகத்தின் முன் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் குடியேறி, கிணறு இறைத்து, தோட்டம் செய்து, பிள்ளை பெற்று, ஒரு வகுப்பறையை நிரப்புவதற்கும் அவ்வளவு காலம் செல்லும் என்பதை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறது?

போர் விட்டுச்சென்ற குறைவோடு நிர்வாகம் சேர்த்த குறைவும் உண்டு. அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனெனில் போரை எவராலும் திரும்பிப்போய்த் திருத்த முடியாது. இதை உங்களால் திருத்த முடியும்.

நான் அதிபராகப் பொறுப்பேற்றபோது எமது பாடசாலையில் நூற்றுக்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தார்கள். கணிதத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வாரம் முழுவதும் பாடசாலைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கி, மாலையிலும் வகுப்பு வைத்த நல்ல ஆசிரியர். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்டார். அவருக்கு வயது முதிர்ந்த பெற்றோர் இருந்தார்கள். அவர் கேட்டதில் தவறில்லை. அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வலயத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு, பதிலீடு கிடைத்ததும் அனுப்பப்படும் என்ற வாசகமே பதிலாக வந்தது. இரண்டாம் ஆண்டில், மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பெற்றோர் தம் பிள்ளைகளைப் பெரிய பாடசாலைக்கு மாற்றினார்கள். மாணவர் தொகை குறைந்தது. ஆசிரிய ஆளணி மாணவர் தொகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், மேலதிகம் என்று சொல்லி விஞ்ஞான ஆசிரியையையும் எடுத்தார்கள். கற்பித்தல் பொருட்களுக்கான தர உள்ளீட்டு நிதியும் தலைக்கணக்கில் வருவதால் அதுவும் குறைந்தது. ஆசிரியர் இல்லை என்பதால் இன்னும் சில குடும்பங்கள் போயின. பெற்றோர் பாடசாலையைக் கைவிட்டார்கள் என்று இன்று எழுதப்படுகிறது. முதலில் கைவிட்டவர்கள் யார் என்பது வலயக் காரியாலயத்தின் கடிதக் கோவைகளிலேயே திகதி வாரியாக இருக்கிறது.

மாகாணத்துக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு ஆழமானது என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். யாழ்ப்பாண நகரத்தின் பாடசாலைகளில் ஒரு பாடத்துக்கு மேலதிக ஆசிரியர்கள் இருக்க, துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களின் உட்புறப் பாடசாலைகளில் அதே பாடத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் இல்லை என்பது ஒவ்வோர் இடமாற்றச் சபையிலும் பேசப்படும் விடயம். கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் ஆசிரியர்கள் முதல் நியமனத்தில் இங்கு வருகிறார்கள், கற்பித்தலைக் கற்றுக்கொள்கிறார்கள், கைதேர்ந்ததும் போய்விடுகிறார்கள். போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்தின் பின்னரும் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சம்பளமின்றியும் சொற்பக் கொடுப்பனவுக்கும் உழைத்த தொண்டர் ஆசிரியர்கள். அதே ஊரில் பிறந்து, அதே ஊரில் வாழ்ந்து, எறிகணைக்கு நடுவிலும் வகுப்பை விட்டு ஓடாதவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கே நிரந்தர நியமனம் கிடைத்தது. மற்றவர்கள் வயதெல்லை, கல்வித் தகைமை என்று சொல்லித் தள்ளிவைக்கப்பட்டார்கள். ஊரில் நிலைத்து நிற்கக்கூடிய ஆசிரியர்களை வெளியே நிறுத்திவிட்டு, நிலைக்க முடியாதவர்களை மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்ததன் பலன்தான் இந்தப் பெறுபேறுகள். சாதாரண தரப் பெறுபேறுகளின் மாகாணப் பட்டியலில் வடக்கு கடைசி வரிசைகளில் நிற்கும்போதெல்லாம் பெற்றோரின் அக்கறையின்மை பற்றியும் பிள்ளைகளின் கைபேசி பற்றியும் அறிக்கைகள் வருகின்றன. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பட்டியலை அந்தப் பெறுபேறுகளுக்குப் பக்கத்தில் வைத்து வெளியிட எவரும் முன்வருவதில்லை.

இணைப்பினால் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைக்கும் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. இணைக்கப்படவுள்ள பாடசாலை காட்டோரமாகச் செல்லும் கிரவல் வீதியில் பல கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. மாரியில் அந்த வீதியை அருவி குறுக்கறுக்கும். அதிகாலையிலும் அந்தியிலும் யானை இறங்கும். எமது பக்கத்தில் யானை தாக்கி மரணமானவர்களின் வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பெரிய பிள்ளைகள் சைக்கிளில் போகலாம் என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை எதில் போகும்? முச்சக்கரவண்டிக்கு மாதக் கட்டணம் கொடுக்கும் நிலையில் எமது ஊரில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று கிராம அலுவலரிடம் கேட்டிருக்கலாம். கணவனை இழந்தும், கணவன் எங்கே என்று இன்றுவரை தெரியாமலும் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் இங்கு ஏராளம். அவர்கள் விடிய முன்னர் தோட்டக் கூலிக்கோ கச்சான் பிடுங்கவோ போனால்தான் அன்றைக்கு உலை எரியும். பாடசாலை கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் மூத்த பிள்ளை இளையதைக் கையில் பிடித்துக்கொண்டு தானாகப் போய்வருகிறது.

எமது வலயத்தில் முன்னர் இவ்வாறு இணைக்கப்பட்ட ஒரு பாடசாலையின் பிள்ளைகளுக்குப் பேருந்து விடப்படும் என்று உறுதி கூறப்பட்டது. பேருந்தும் வந்தது. சில மாதங்களின் பின் வீதி சரியில்லை என்று நின்றது, பின்னர் எரிபொருள் இல்லை என்று நின்றது, அதன் பின்னர் எவரும் காரணமும் சொல்லவில்லை. தரம் ஒன்பதிலும் பத்திலும் இருந்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இளையவர்கள் வாரத்தில் சில நாட்கள் போனார்கள். அந்த ஊருக்கு விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலையின் பேருந்து மட்டும் தவறாமல் வருகிறது. பதினெட்டு வயதானதும் அந்தப் பிள்ளைகள் அதில் ஏறிப் போகிறார்கள். வேலை செய்வதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீதியில் தொழிற்சாலைக்குப் பேருந்து ஓட்ட முடியுமாயின் பாடசாலைக்கு ஓட்ட ஏன் முடியாது என்பதற்கு மட்டும் விடை வேண்டும். பிள்ளைகள் பதினாறு வயதுவரை கற்பதைக் கட்டாயமாக்கி 2016இல் வர்த்தமானி வெளியிட்டது அரசாங்கமே. பிள்ளையை அனுப்பாத பெற்றோரிடம் விளக்கம் கேட்க அதில் இடம் இருக்கிறது. பாடசாலையையே தூரத்துக்குக் கொண்டுபோகும் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்பது எப்படி?

சிறிய பாடசாலைகளின் குறைகளை மூடிமறைப்பது என் நோக்கமில்லை. மூன்று தரங்களை ஓர் ஆசிரியர் ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பதும், விளையாட்டுக்கு ஓர் அணி சேராததும், உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைக் கனவிலும் நினைக்க முடியாததும் பிள்ளைகளுக்கு இழப்புத்தான். தரம் ஆறுக்கு மேல், பாதுகாப்பான போக்குவரத்தோ விடுதியோ இருக்குமானால், பெரிய பாடசாலைக்குப் போவது பல பிள்ளைகளுக்கு நன்மை தரும் என்பதை நானே பெற்றோரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆரம்பப் பிரிவு வேறு. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். பல்தரக் கற்பித்தலுக்கு முறையாகப் பயிற்றப்பட்ட இரண்டு ஆசிரியர்கள் இருபது பிள்ளைகளை நன்றாக வளர்த்துவிட முடியும் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அந்தப் பயிற்சியை எமது ஆசிரியர்களுக்கு எவரும் கொடுத்ததில்லை. நாங்களே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டோம்.

இந்த மடல் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மட்டும் எழுதப்பட்டதாகக் கொள்ள வேண்டாம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கின் முஸ்லிம் மக்கள், இரு தசாப்தங்களின் பின் முசலிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் சிறு தொகையினராகத்தான் திரும்பினார்கள். புத்தளத்தில் பாதிக் குடும்பமும் இங்கே பாதிக் குடும்பமுமாக வாழும் அவர்களின் பாடசாலைகளும் இதே அளவுகோலுக்குள் அகப்படும். எல்லைக் கிராமங்களில் போர் முழுவதும் அச்சத்தில் வாழ்ந்த சிங்கள மக்களின் சிறு பாடசாலைகளுக்கும் இதே கதிதான். 1992இல் வெளியேற்றப்பட்ட இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாமாகவே படகேறித் தம் தீவுக்குத் திரும்பினார்கள். கேப்பாப்பிலவு மக்கள் தம் காணிகளைக் கேட்டு 2017இல் படை முகாமின் வாசலில் குந்தியிருந்தார்கள். இப்படி ஊர் ஊராக மீட்டெடுக்கும் மக்களிடம், பிள்ளைகளை ஐம்பதாக்கிக் காட்டினால் பாடசாலை தருவோம் என்று சொல்வது முறையன்று. பாடசாலை இல்லாத ஊருக்கு இளம் குடும்பங்கள் திரும்பமாட்டா. பாடசாலையை மூடுகின்ற நாளில் அந்த ஊரின் மீள்குடியேற்றமும் நின்றுவிடும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். இன்றைய கல்வி அமைச்சரும் அந்தப் போராட்டத்தில் நின்றவர். அன்று அவர்கள் கேட்ட அளவு இன்னும் எட்டப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா, மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களில் கட்டியது அங்கு பிள்ளைகள் நிரம்பி வழிந்ததால் அல்ல; கல்வி நகரத்தாரின் உடைமையாக இருக்கக்கூடாது என்பதால். அந்த மரபில் வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஓர் அரசாங்கத்திடம், இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தை வீண் செலவு என்று அழைக்க வேண்டாம் என்று கேட்பது பெரிய வேண்டுகோள் ஆகாது.

முடிவுகள் எடுக்கப்படும் முறையும் எமக்குக் கவலை தருகிறது. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் இந்த மாகாணத்துக்கு மக்கள் தெரிவுசெய்த கல்வி அமைச்சர் ஒருவர் இல்லை. ஆட்சேபத்தை எங்கு கொண்டுபோவது என்று கேட்கும் பெற்றோரை வலயம் மாகாணத்துக்கும், மாகாணம் கொழும்புக்கும், கொழும்பு மீண்டும் வலயத்துக்கும் அனுப்புகிறது. அதனால்தான் இந்த மடல் உங்கள் மூவரையும் ஒன்றாக நோக்கி, எல்லோரும் வாசிக்கக்கூடிய வகையில் எழுதப்படுகிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. போரினால் இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய பிரதேசங்களில், மாணவர் தொகையை மட்டும் காரணமாகக் கொண்டு எந்த ஆரம்பப் பாடசாலையையும் மூடுவதோ இணைப்பதோ இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே தொடங்கிய இணைப்பு நடவடிக்கைகளை நிறுத்திவையுங்கள். ஒரு பாடசாலையின் எதிர்காலம் பற்றிப் பேசுமுன், அந்த ஊரில் இன்னும் விடுவிக்கப்படாத காணி எவ்வளவு, திரும்பாத குடும்பங்கள் எத்தனை, கடந்த பத்து ஆண்டுகளில் அங்கு எந்தெந்தப் பாடங்களுக்கு எவ்வளவு காலம் ஆசிரியர் இருக்கவில்லை, மாற்றுப் பாடசாலைக்கான வீதி மாரியிலும் கோடையிலும் எப்படி இருக்கிறது என்பவற்றை நேரில் வந்து பார்த்து, அந்த அறிக்கையைத் தமிழில் பெற்றோரின் கையில் கொடுங்கள்.

ஆசிரிய ஆளணியைத் தலைக்கணக்கிலிருந்து விடுவித்து, சிறு பாடசாலைகளுக்குத் தரக்கணக்கிலும் பாடக்கணக்கிலும் குறைந்தபட்ச ஆளணியை உறுதிப்படுத்துங்கள். பதிலீட்டு ஆசிரியர் வந்து கடமையேற்கும் வரை வெளிமாற்றம் நடைமுறைக்கு வரக்கூடாது என்ற விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். இங்கு பணிபுரிபவர்களுக்குத் தங்குமிடமும் வாழக்கூடிய அளவுக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் கொடுத்தால் அந்த விதி அவர்களுக்குத் தண்டனையாகத் தெரியாது. எஞ்சியிருக்கும் தொண்டர் ஆசிரியர்களின் போர்க்காலச் சேவையைத் தகைமையாக ஏற்று, வயதெல்லையைத் தளர்த்தி, பல்தரக் கற்பித்தலில் பயிற்சி அளித்து அவரவர் ஊரிலேயே நியமியுங்கள்.

முன்னர் இணைக்கப்பட்ட பாடசாலைகளின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கல்வியை விட்டு விலகினார்கள் என்ற விபரத்தைப் பெயர்கள் இன்றித் தொகைகளாக வலயவாரியாக வெளியிடுங்கள். வாக்களிக்கப்பட்ட பேருந்துகளை மீண்டும் ஓடச் செய்யுங்கள்.

தரம் ஒன்றுக்கான விண்ணப்பங்கள் கோரப்படும் காலம் அண்மிக்கிறது. தம் ஊர்ப் பாடசாலை அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத பெற்றோர் விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று அறியாமல் நிற்கிறார்கள். அந்த ஐயமே இவ்வாண்டின் தொகையை இன்னும் குறைத்துவிடும். எனவே விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர், எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முகவரிக்கு, பொறுப்பான அலுவலரின் கையொப்பத்துடன் உங்கள் பதிலை அனுப்பிவையுங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்